சோமாவதி ரைனாவின் பெயர்ப்பலகை தேடி பார்க்கிங் போன கதை

லண்டன் போகிறவர்கள் அரண்மனை வாசலில் காவல் மாறுவதைப் பார்ப்பார்கள், தேம்ஸ் கரையில் ராட்டினம் ஏறுவார்கள். நான் போனது, இறந்துபோன ஒரு கவிஞரின் பெயர் பொறித்த பலகையைப் படம் எடுக்க. காலாண்டுத் தேர்வு விடுமுறை ஒன்பது நாள். நான் திருச்சியில் ஒரு தனியார் பள்ளியில் ஹிந்தி டீச்சர். (தமிழ்நாட்டில் ஹிந்தி டீச்சராகக் காலம் தள்ளுவது பற்றித் தனியாக ஒரு பதிவு போடலாம். பின்னூட்டங்களை நினைத்துத்தான் தள்ளிப்போட்டுக்கொண்டிருக்கிறேன்.) போகும்போது என்னிடம் இருந்தது ஒரு பழைய கவர், ஒரு கறுப்பு வெள்ளைப் படம், அச்சுக்குத் தயாரான என் மொழிபெயர்ப்பின் மெய்ப்புப் பிரதி. திரும்பும்போது அந்த மெய்ப்பின் முதல் பக்கமே பொய் என்று தெரிந்திருந்தது.

சோமாவதி ரைனாவை உங்களில் பெரும்பாலானோர் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். ஸ்ரீநகரில் ஒரு பண்டிதர் குடும்பத்தில் பிறந்தவர். பதினைந்து வயதில் கல்யாணம், பத்தொன்பதில் கணவர் போய்விட்டார். காஷ்மீரப் பண்டிதர் வீடுகளில் தாலி கழுத்தில் இல்லை, காதில் இருக்கும். தேஜ்ஹோர் என்று பெயர். காதின் மேல்மடலில் துளையிட்டு, நூலில் கோத்து, மார்பு வரை தொங்கவிடும் தங்கத் துண்டு. கணவர் போனால் அதைக் கழற்றிவிட வேண்டும். கல்யாண வீட்டில் பெண்கள் கூடிப் பாடும் பாட்டிலும் சேரக் கூடாது, கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொள்ளலாம். சோமாவதி அதே கல்யாண மெட்டை எடுத்து, கதவுக்குப் பின்னால் நிற்பவள் பாடுவதாகப் பாட்டுக் கட்டினார். அதோடு விடவில்லை. தன்னைப் போன்ற ஏழெட்டுப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு கல்யாண வீட்டு வாசலில் போய் நின்று அதைப் பாடினார். முதலில் மேலே சாம்பலைக் கொட்டினார்கள். சில வருஷத்தில் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். பிறகு பெண்களுக்குப் பள்ளி நடத்தினார், கைம்பெண்களுக்கு மறுமணம் செய்துவைத்தார். தெருவில் அவர் பாடியபோதெல்லாம் பக்கத்தில் நின்று மண்பானையில் தாளம் போட்டவர் அவருடைய தம்பி பத்ரிநாத்.

இந்தப் பத்ரிநாத்ஜியைத்தான் எனக்குத் தெரியும். எண்பது வயது, ஜம்முவில் மகன் வீட்டில் இருக்கிறார். அக்காவின் பாட்டுகளை அவர் ஹிந்தியில் சொல்லச் சொல்ல நான் தமிழில் எழுதினேன். நான்கு வருஷம், ஞாயிறுதோறும் காலை பதினொரு மணிக்குப் போன். ஒரு வரிக்காக முக்கால் மணி நேரம் சண்டை போட்டிருக்கிறோம். வாரிசு என்ற முறையில் அனுமதிக் கடிதம் தந்தார், முன்னுரையும் எழுதினார். அக்கா காஷ்மீர்ப் பள்ளத்தாக்கை விட்டு வந்தபின் ஒரு பழைய மாணவி அழைத்து லண்டன் போனதையும், சில வருஷம் கழித்து நடந்ததையும் அதில் இப்படிச் சொல்லியிருந்தார்: "லண்டனில் எல்லாம் முடிந்தது. செய்தி வந்தது. தாவி ஆற்றங்கரையில் பத்தாம் நாள் காரியத்தை என் கையாலேயே செய்தேன்." இந்த இடத்தை மொழிபெயர்த்தபோது நான் அழுதேன். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு முதல் பக்கத்தில் 'மறைந்த கவிஞர்' என்று போட்டேன்.

கடைசிப் பக்கத்துக்குக் கவிஞரின் நினைவிடத்தின் படம் இருந்தால் நன்றாக இருக்கும் என்றார் பதிப்பாளர். பத்ரிநாத்ஜியிடம் விலாசம் கேட்டேன். மறுவாரம் கூரியரில் ஒரு வெறும் கவர் வந்தது. பின்பக்கம், கிழக்கு லண்டனில் பார்க்கிங் (Barking) என்ற பகுதியின் விலாசம் அச்சிட்ட சின்ன ஸ்டிக்கர். பெயர் இல்லை. கவர் மேல்விளிம்பில் கத்தியால் நேராகக் கிழிக்கப்பட்டிருந்தது. அவ்வளவுதான் கவனித்தேன். இன்னும் கொஞ்சம் கவனித்திருந்தால் விஷயம் திருச்சியிலேயே தெரிந்திருக்கும்.

செலவுக் கணக்கு கேட்பீர்கள். விமானம் போக வர 61,350 ரூபாய், நடுவில் அபுதாபியில் நாலு மணி நேரம் உட்கார வேண்டும். விசாவுக்கு 127 பவுண்ட், கைக்கு வரப் பதினெட்டு நாள் ஆனது. தங்கியது ஹரோவில், அத்தை மகன் முரளி வீட்டில். லண்டனில் தகனம் செய்தால் மயானத் தோட்டத்தில் பெயர்ப்பலகை வைப்பார்கள் என்று சொன்னவன் அவன்தான். நான் போய்ச் சேருவதற்கு முன்பே கிழக்கு லண்டனில் மூன்று இடங்களுக்குப் போன் செய்து வைத்திருந்தான்.

"அந்தப் பேர்ல யாருமே இல்லங்கறாங்கக்கா. நல்லாத் தேடிட்டாங்களாம். நேரா அந்த வீட்டுக்கே போய்ப் பாரு, அக்கம்பக்கத்துல யாருக்காவது தெரிஞ்சிருக்கும்."

செவ்வாய்க்கிழமை காலை 9.42க்கு ஹரோ ஆன் த ஹில்லில் மெட்ரோபாலிட்டன் ரயில் ஏறினேன். (ஒன்பதரைக்குப் பிறகு ஏறுங்கள், கட்டணம் குறையும்.) மூர்கேட்டில் இறங்கி, அதே பிளாட்பாரத்தில் பார்க்கிங் போகும் ஹாமர்ஸ்மித் அண்ட் சிட்டி ரயிலுக்கு நின்றால் போதும், படி ஏற வேண்டியதில்லை. மொத்தம் ஒரு மணி பன்னிரண்டு நிமிஷம். ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால் சந்தைக் கடைகளில் கருணைக்கிழங்கும் வாழைப்பூவும் முருங்கைக்காயும் குவிந்து கிடக்கின்றன. ஒரு கடையில் நம் பக்கத்து வெற்றிலை கூட இருந்தது. அங்கிருந்து வீடு 1.3 கிலோமீட்டர், பதினேழு நிமிஷ நடை. வழியில் ஒரு கொத்து வெள்ளைச் செவ்வந்தி வாங்கிக்கொண்டேன், பலகை கிடைத்தால் வைக்கலாம் என்று.

ஒட்டி ஒட்டிக் கட்டிய செங்கல் வீடுகளில் ஒன்று. கதவுக்கு மேலே மாவிலைத் தோரணம், பிளாஸ்டிக். அழைப்பு மணியை அடித்தேன். நாற்பது நாற்பத்தைந்து வயதில் ஒரு பெண், நீலச் சீருடையோடு, ஈரக் கையைத் துடைத்தபடி கதவைத் திறந்தார்.

"ஓம், ஆர் வேணும்?"

யாழ்ப்பாணத் தமிழைக் கேட்டதும் பாதிக் கவலை போய்விட்டது. முன்பு இந்த வீட்டில் இருந்து காலமான ஒரு அம்மாவைப் பற்றி விசாரிக்க வந்தேன், பெயர் சோமாவதி ரைனா என்றேன். அப்படிக் காலமானவர் ஒருத்தரையும் தெரியாது என்று தலையாட்டினார். கைப்பையிலிருந்து படத்தை எடுத்துக் காட்டினேன். முப்பது வயதுச் சோமாவதி, வெறும் காதோடு, பள்ளிப் பிள்ளைகள் நடுவில்.

அந்தப் பெண்ணின் முகம் மாறியது. படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், என் கையில் இருந்த வெள்ளைப் பூவைப் பார்த்தார்.

"ஐயோ! இது எங்கட சோமா அன்ரி! அன்ரி செத்திட்டாவோ? எப்ப? ஆர் சொன்னது உங்களுக்கு? இண்டைக்குக் காலமை நான்தானே அவவுக்குச் சீப்பால தலை இழுத்துவிட்டிட்டு ஷிப்ட் முடிச்சு வாறன்!"

என் காது எனக்கு என்ன சொல்கிறது என்று புரியவில்லை. அவர் அதற்குள் "முருகா, முருகா" என்று அழுதுகொண்டே போனில் எண்ணை அழுத்திவிட்டார். மணி அடிக்கிறது. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நான் நிற்கிறேன். மறுபக்கம் யாரோ எடுத்தார்கள், இவர் ஆங்கிலத்தில் படபடவென்று கேட்டார், பதிலைக் கேட்டார், அப்படியே கதவோரம் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு இருக்கிறாவாம்," என்றார். பிறகு என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அடிக்காத குறைதான். "நீங்கள் ஆர்? உயிரோட இருக்கிற மனிசிக்குப் பூவோட வந்து நிக்கிறியள்!"

நான் யார் என்று எனக்கே அப்போது சொல்லத் தெரியவில்லை. உள்ளே கூட்டிப்போய்த் தண்ணீர் கொடுத்தார். பெயர் சுகந்தி. பத்து நிமிஷம் நான் உளறியதைக் கேட்ட பிறகு கவரைக் காட்டச் சொன்னார். வாங்கிய உடனே தபால்தலையில் விரலை வைத்தார்.

"இஞ்ச பாருங்கோ. ராணியின்ர தலைக்குப் பக்கத்தில பார்கோட் கிடக்குதல்லே? இந்த முத்திரை வந்து மூண்டு நாலு வருசம்தான். நீங்கள் சொல்லுற காலத்தில செத்த ஆள் இதை எப்படி ஒட்டுறது? இது நான் வாங்கிக் குடுத்த முத்திரை அக்கா. ஒவ்வொரு பங்குனியும் அன்ரி தம்பிக்கு வருசப் பிறப்புக் கார்ட் எழுதுவா. நான்தான் போஸ்ட் பண்ணுறனான்."

ஒரு கவிதை வரிக்கு முக்கால் மணி நேரம் சண்டை போட்ட நான், ஒரு தபால்தலையைப் பார்க்கவில்லை. வெட்கமும் திகைப்புமாக அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். மீதிக் கதையைச் சுகந்தி சொன்னார். சோமாவதி லண்டன் வந்து ஒரு பள்ளிச் சமையலறையில் வேலை பார்த்தார். தினமும் ஒரே பஸ். அதை ஓட்டியவர் ஜமைக்காவிலிருந்து வந்த மிஸ்டர் கிளார்க், மனைவியை இழந்தவர். ஐம்பத்தெட்டாவது வயதில் சோமாவதி அவரைக் கல்யாணம் செய்துகொண்டார். இந்த வீடு கிளார்க்குடையது. மாடியில் வாடகைக்கு இருந்தது சுகந்தி குடும்பம். கிளார்க் இறந்து ஒன்பது வருஷம் ஆகிறது. படி ஏற முடியாமல் போனதும் சோமாவதி வீட்டைச் சுகந்தி குடும்பத்துக்கே விற்றுவிட்டு, சுகந்தி வேலை பார்க்கும் முதியோர் இல்லத்துக்குப் போய்விட்டார். அங்கே அவர் மிஸஸ் கிளார்க். ரைனா என்ற பெயரில் தேடினால் எந்தப் பதிவேட்டில் கிடைப்பார்?

ஐம்பத்தெட்டாவது வயதில் கல்யாணம் என்று கேட்டதுமே எனக்குச் சுரீர் என்றது. பத்ரிநாத்ஜியின் முன்னுரையில் பத்தாம் நாள் காரியம் நடந்ததும் அக்காவின் ஐம்பத்தெட்டாவது வயதில்தான். அவருக்கு வந்த செய்தி சாவுச் செய்தி இல்லை, கல்யாணச் செய்தி. அக்காவைத் தலைமுழுகியிருக்கிறார். நம் ஊரில் கேட்காத விஷயமா? சாதி விட்டுக் கல்யாணம் செய்த பெண்ணுக்கு உயிரோடு கருமாதி வைத்த வீடுகளை எனக்கே தெரியும், எங்கள் தெருவிலேயே ஒன்று உண்டு. வேறு எந்த ஊர்க்காரி ஏமாந்திருந்தாலும் மன்னிக்கலாம். 'காரியம் செய்தேன்' என்று மட்டும் எழுதியவர், 'இறந்தாள்' என்று ஒரு இடத்திலும் எழுதவில்லையே என்று நான் கேட்டிருக்க வேண்டாமா?

அதைவிட அதிர்ச்சி, செய்தவர் யார் என்பது. ஊரார் வீட்டுக் கைம்பெண்களுக்கெல்லாம் மறுமணம் நடத்திவைத்தபோது பானையில் தாளம் போட்ட தம்பி.

இல்லம் அங்கிருந்து பன்னிரண்டு நிமிஷ நடை. பார்வையாளர் நேரம் இரண்டு முதல் நாலு வரை. ஷிப்ட் முடித்த களைப்போடு சுகந்தியும் வந்தார், என்னைத் தனியாக அனுப்ப மனம் வரவில்லை போல. போகிற வழியில் இன்னொன்று சொன்னார். சேர்ந்த புதிதில் அன்ரி தேநீரில் உப்புப் போடுவதைப் பார்த்துவிட்டு, சர்க்கரைக்கும் உப்புக்கும் வித்தியாசம் தெரியவில்லை, ஞாபகம் தடுமாறுகிறது என்று ஃபைலில் எழுதிவிட்டார்களாம். அது காஷ்மீரத்து உப்புத் தேநீர் என்று சொல்லி அதை அழிக்க வைக்கச் சுகந்திக்கு ஆறு வாரம் ஆயிற்று. "ஒருக்கா எழுதினதை அழிக்கிறது லேசில்லை அக்கா," என்றார். என் கைப்பையில் மெய்ப்புப் பிரதி கனத்தது.

ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். எண்பத்தாறு வயது, சிறிய உடம்பு, மடியில் கம்பளி. நான் முதலில் பார்த்தது முகத்தை அல்ல, காதை. மேல்மடலிலிருந்து சிவப்பு நூல் இறங்கி, மார்பில் தங்கம் தொங்கியது. தேஜ்ஹோர். பத்தொன்பதில் கழற்றியதை ஐம்பத்தெட்டில் மாட்டியிருக்கிறார், சரி. கிளார்க் போய் ஒன்பது வருஷம் ஆகியும் அது அங்கேயே இருக்கிறது. இரண்டாவது தடவை அவர் கழற்றவில்லை. நான்கு வருஷம் அவர் பாட்டுகளோடு குடித்தனம் நடத்திய எனக்கு, அந்த ஒரு நூலைப் பார்த்ததும் உடம்பு சிலிர்த்துவிட்டது.

பூவை எங்கே ஒளிப்பது என்று தெரியாமல் நீட்டிவிட்டேன். வாங்கிக்கொண்டார். ஹிந்தியில் பேசினேன். திருச்சியிலிருந்து வருகிறேன், உங்கள் பாட்டுகளைத் தமிழில் எழுதியிருக்கிறேன் என்றேன். காது மந்தம், இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

"தமிழிலா? யார் உனக்குக் கொடுத்தது?"

"பத்ரிநாத்ஜி. விலாசமும் அவர்தான் கொடுத்தார்."

அந்த முகம் மலர்ந்த மாதிரி நான் ஒரு முகம் மலர்ந்து பார்த்ததில்லை. "பத்ரியா? என் விலாசத்தை வைத்திருக்கிறானா?" என்று சுகந்தியின் கையைப் பிடித்து இழுத்தார். "கேட்டாயா? நான் சொல்லவில்லையா? கார்டெல்லாம் போய்ச் சேர்கிறது!" ஹிந்தி ஒரு சொல்லும் தெரியாத சுகந்திக்கு அது எப்படியோ புரிந்துவிட்டது. என்னைப் பார்த்தார். சொல்லிவிடாதே என்று அந்தக் கண் கெஞ்சியது.

சொல்லத்தான் எனக்கும் மனமில்லை. மெய்ப்பை எடுத்து, பாட்டுகளை மட்டும் தமிழில் படித்துக் காட்டிவிட்டுக் கிளம்பிவிடலாம் என்று நினைத்தேன். நாலு பாட்டுப் படித்தேன். மெட்டுக்கு ஏற்ற மாதிரி விரலால் நாற்காலியில் தட்டிக்கொண்டே கேட்டார். இரண்டாவது பாட்டில் தாளம் இடிக்கிறது என்றார், இடிக்கத்தான் செய்தது. பிறகு, "முன்னுரை யார்?" என்று கேட்டார்.

"உங்கள் தம்பி."

"அதைப் படி."

தமிழில் இருக்கிறது, உங்களுக்குப் புரியாது, இன்னொரு நாள் ஹிந்தியில் சொல்கிறேன் என்று மழுப்பினேன். முப்பது வருஷம் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியவரிடம் நடக்குமா? "அவன் ஹிந்தியில்தானே எழுதியிருப்பான். அந்தக் காகிதம் எங்கே?" என்று கையை நீட்டினார். கோப்பில் இருந்தது. கொடுத்தேன். பூதக் கண்ணாடியை வைத்துக்கொண்டு, வரிக்கு வரி விரலை நகர்த்தி வாசித்தார். மூன்று பக்கம், இருபது நிமிஷம். மூன்றாம் பக்கத்தில் விரல் நின்றுவிட்டது.

சுகந்தி எழுந்து ஜன்னல் பக்கம் போய்விட்டார். அழுவார், மயங்கி விழுவார், என்னைத் திட்டுவார் என்று எல்லாவற்றுக்கும் தயாராக இருந்தேன்.

"முடி எடுத்தானா?" என்று கேட்டார்.

எனக்குப் புரியவில்லை.

"பத்தாம் நாள் காரியத்துக்கு மொட்டை போட வேண்டும். பத்ரிக்கு முடி என்றால் உயிர். சின்ன வயதில் கண்ணாடியை விட்டு நகர மாட்டான். எனக்காக எடுத்தானா என்று கேட்கிறேன்."

"தெரியாது அம்மா."

"போன் போடு."

மணி 2.50. ஜம்முவில் இரவு ஏழு இருபது. நான் போட்டிருக்கக் கூடாதோ என்று இன்றுவரை நினைக்கிறேன். ஸ்பீக்கரில் வைத்தேன். இரண்டாவது மணியிலேயே எடுத்தார். என்னைப் பெஹன்ஜி, அதாவது சகோதரி, என்றுதான் கூப்பிடுவார்.

"சொல்லுங்கள் பெஹன்ஜி. பலகை கிடைத்ததா?"

நான் வாயைத் திறப்பதற்குள் சோமாவதி போனைத் தன் பக்கம் இழுத்தார். "பத்ரி," என்றார். காஷ்மீரியில் ஒரே ஒரு கேள்வி. எனக்கு அந்த மொழி தெரியாவிட்டாலும் என்ன கேட்டார் என்று தெரியும்.

மறுபக்கம் குக்கர் விசில் அடித்தது கேட்டது. பிறகு பத்ரிநாத்ஜி ஹிந்தியில், என்னிடம், மிகவும் மரியாதையாகப் பேசினார்.

"பெஹன்ஜி, என் அக்கா காலமாகிவிட்டார். காரியம் நான்தான் செய்தேன். உங்களுக்குத் தெரியுமே."

நான்கு வருஷம் ஞாயிறுதோறும் கேட்ட அதே குரல். அக்காவின் வரி ஒன்றைச் சொல்லும்போது உடைந்துபோகுமே, அதே குரல். எனக்கு வந்த கோபத்தில் அவர் எதிரில் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேனோ தெரியாது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், அவர் போனை வைக்கவில்லை. திரையில் விநாடிகள் ஓடிக்கொண்டிருந்தன. இருபது, முப்பது, நாற்பது. மூச்சுவிடும் சத்தம் மட்டும் கேட்டது. கடைசியில் சிவப்புப் பொத்தானை அழுத்தியது சோமாவதிதான்.

பிறகு, ஏதோ பள்ளி வேலையைப் பிரித்துக் கொடுப்பவர் போலக் கேட்டார். "அவன் முன்னுரை எந்தப் பக்கத்தில் முடிகிறது?"

"எட்டாம் பக்கம். நான் அதை எடுத்துவிடுகிறேன் அம்மா. முழுவதையும் எடுத்துவிடுகிறேன்."

"நீ யார் எடுப்பதற்கு?" முதன்முறையாகக் குரல் உயர்ந்தது. "என்னைக் கேட்காமல் போட்டாய், இப்போது என்னைக் கேட்காமல் எடுக்கிறாயா? அவன் எழுதியதில் ஒரு எழுத்தைத் தொடாதே. ஒன்பதாம் பக்கத்தில் என்ன இருக்கிறது?"

"உள்ளடக்கம்."

"அதைப் பின்னால் தள்ளு. அந்தப் பக்கம் எனக்கு வேண்டும்."

சுகந்தி பேனா கொடுத்தார். ஒரு வெள்ளைத் தாளில் ஹிந்தியில் ஒரு வரி எழுதினார்: 'முன்னுரையைப் படித்தேன்.' கீழே சோமாவதி ரைனா கிளார்க் என்று கையெழுத்து, அன்றைய தேதி, பார்க்கிங். இதை அப்படியே கையெழுத்தாகவே அச்சிட வேண்டும், படமோ விளக்கமோ கூடாது என்றார். நாலு மணிக்கு மணியடித்தது. உப்புத் தேநீர் வந்தது. எனக்கும் ஒரு கோப்பை கொடுக்கச் சொன்னார். பிடிக்கவில்லை, குடித்தேன்.

இதே மாதிரி, எழுத்தாளர்கள் வாழ்ந்த வீடு, நினைவிடம் என்று தேடிப் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். லண்டனில் யாரையாவது தேடினால் ஒரே பெயரில் தேடாதீர்கள், கல்யாணத்தில் பெயர் மாறியிருக்கும். மயான அலுவலகங்கள் போனில் பொறுமையாகவே பதில் சொல்கிறார்கள், 'இல்லை' என்றால் அதை ஒரு பதிலாக எடுத்துக்கொள்ளுங்கள், நான் எடுத்துக்கொள்ளவில்லை. பஸ் எங்கே ஏறினாலும் ஒரு பவுண்ட் எழுபத்தைந்து பென்ஸ், ரொக்கம் வாங்க மாட்டார்கள், அட்டைதான். முதியோர் இல்லத்துக்குப் போவதானால் முன்கூட்டியே போன் செய்யுங்கள், வெள்ளைப் பூ வேண்டாம். பழைய கவர் கிடைத்தால் தபால்தலையையும் பாருங்கள். எவரையும் 'மறைந்த' என்று அச்சில் போடுவதற்கு முன், போய் ஒரு தடவை மணியை அடித்துப் பாருங்கள்.

அந்தக் கவரைப் பத்ரிநாத்ஜி தெரிந்து கொடுத்தாரா, தெரியாமல் கொடுத்தாரா என்று திரும்பும் வழியில் பதினாறு மணி நேரம் யோசித்தேன். ஒவ்வொரு பங்குனியும் ஒரு கார்ட் வந்திருக்கிறது. எத்தனையோ பழைய கவர்கள் இருந்திருக்கும். எனக்கு அனுப்பியது புதியவற்றில் ஒன்று. இறந்தவள் எழுதியதைக் கிழித்து எறியாமல், கத்தி வைத்து நேராகப் பிரித்துப் படித்திருக்கிறார். அதற்காக அவரை மன்னிக்க நான் தயாரில்லை. ஞாயிறு பதினொரு மணிக்குப் போன் அடிப்பதை நிறுத்திவிட்டேன். ஒன்பதாம் பக்கத்தின் படத்தை மட்டும் வாட்ஸப்பில் அனுப்பினேன். நீல டிக் விழுந்தது, பதில் இல்லை.

பதிவை இத்தோடு முடித்து வைத்திருந்தேன். நேற்று பள்ளி விலாசத்துக்கு ஜம்முவிலிருந்து ஒரு கூரியர் வந்தது. ஆசிரியர் அறையில் உட்கார்ந்து பிரித்தேன். அவர் எனக்குத் தந்த அனுமதிக் கடிதத்தைப் பற்றி இரண்டு வரி. முன்னுரையை மாற்றச் சொல்லவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை, அக்காவின் பெயரைக்கூட எழுதவில்லை. மூன்று தடவை படித்த பிறகுதான் என்ன எழுதியிருக்கிறார் என்று எனக்கு உறைத்தது. அதைப் படம் எடுத்துச் சுகந்திக்கு அனுப்பியிருக்கிறேன், காலை ஷிப்டில் அன்ரியிடம் பெரிதாக்கிக் காட்டுவார்.

"வாரிசு என்ற முறையில் நான் தந்த அனுமதி செல்லாது. நூலாசிரியர் இருக்கிறார், அவரிடமே கேட்டுக்கொள்ளவும்."